மாலை ஆறு முதல் பத்து வரை

"ஏங்கண்ணு, மத்தியானத்துல மோட்டாரு போட்டா கரண்டு பில்லு கொறையுமா?" என்று எங்கள் வீட்டுக்கார அம்மா என்னைக் கேட்டார்.

"குறையாதுங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்குங்கண்ணு பொழுதோட போடறத மாத்தோணும்?"

இக்கேள்விக்கு அன்று என்னால் சரியாக விடை கூற இயலவில்லை. தோழியரே, அவ்விடையைத் தேடிச் சென்றபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மண்ணரையில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் எட்டு வீடுகள் உள்ளன. எட்டிலும் பனியன் கம்பெனிக்குச் செல்பவர்களே இருக்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணறு ஒன்று, ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று. நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு மோட்டார் போடுவது வழக்கம். அந்த நேரத்தில்தான் எல்லார் வீட்டிலும் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும். கிரைண்டரில் மாவு அரைபடும். தெருவிலே விளக்கொளி சற்று மங்கும். எங்கள் மோட்டாரோ உறுமும். ஆனால் தண்ணீர் சன்னமாகத்தான் விழும்.

இது ஏன் என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டப் பாடம் நடந்த அன்று, சிஸ்டர் மேலே சுழன்றுகொண்டிருந்த விசிறியைக் காட்டி, "இதைச் சுற்றவைக்கும் மின்சாரம் எப்போது உற்பத்தியானது?" என்று கேட்டார். "நேற்று" என்றாள் ஒருத்தி. "காலையில்" என்றாள் இன்னொருத்தி. நான் "போன வாரம்" என்றேன்! மின்சாரமும் அரிசி போல மூட்டையில் இருக்கும் என்பது என் எண்ணம். "இப்போதுதான், இந்த நொடியில்தான்" என்றார் சிஸ்டர்.

ஆம்! மின்சாரத்தைச் செலவழிக்கும் அதே நொடியில் அதை உற்பத்தி செய்தாக வேண்டும். நீங்கள் ஒரு சுவிட்சைப் போடும்போது, மேட்டூரிலோ நெய்வேலியிலோ தூத்துக்குடியிலோ சுழலும் இயந்திரங்களின் மீது அந்தச் சிறு சுமையும் போய்ச் சேருகிறது. தோழி ஒருத்தியைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? அவள் தாவி ஏறியவுடன் வேகம் குறையும். நாம் அழுத்தி மிதித்துச் சரி செய்வோம். அவள் திடீரென்று இறங்கினால் சைக்கிள் முன்னே பாயும். மின் உற்பத்தி இயந்திரங்களுக்கும் இதே நிலைதான். அனல்மின் நிலையத்தின் பெரிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. அதாவது நொடிக்கு 50 சுற்று. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று பாடத்தில் படிக்கிறோமே, அது இந்தச் சுழற்சியிலிருந்து வருவதே. தேவை மிகுந்தால் இயந்திரம் தளர்ந்து அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும். தேவை குறைந்தால் மேலே ஏறும். இந்திய மின்கட்டமைப்பில் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இது நிற்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு ஒடுக்கமான பாதை, பாருங்கள்! அளவு மீறி இறங்கிவிட்டால், முழுக் கட்டமைப்பையும் காப்பதற்காகச் சில ஊர்களின் இணைப்பைத் தானியங்கிக் கருவிகளே துண்டித்துவிடும்.

கட்டமைப்பு முழுவதுமே வீழ்ந்த கதையும் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வட இந்திய மின்கட்டமைப்பு விழுந்தது. மறுநாள் அதனோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் நின்றது. இரயில்கள் வழியிலேயே நின்றன. தென்னகம் அன்று தப்பியது; ஏனெனில் நம் கட்டமைப்பு வட நாட்டோடு ஒரே தாளத்தில் இணைந்து சுழலத் தொடங்கியது 2013 டிசம்பர் 31 அன்றுதான். "நாம தப்பிச்சோமா? நமக்குத்தான் அப்ப தினமும் கரண்டே இல்லையே!" என்று இதைக் கேட்டு அம்மா சிரித்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நுகர்வோர் நினைத்தால் இக்கட்டமைப்பை அசைக்க முடியுமா என்று ஐயுறுபவர்கள் 2020 ஏப்ரல் 5-ஆம் நாளை நினைவுகூர வேண்டும். கொரோனா ஊரடங்கின்போது பிரதமர் வேண்டியபடி, அன்றிரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் நாடெங்கும் வீட்டு விளக்குகளை அணைத்தார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றது நினைவிருக்கிறது. எனக்கு அது பண்டிகை போல இருந்தது. ஆனால் மின்கட்டமைப்பை இயக்கும் பொறியாளர்களுக்கு அது பெருங்கவலை. 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். குறைந்ததோ 31,089 மெகாவாட்! சில நிமிடங்களில் அது இறங்கியது. பின்பு அதே விரைவில் ஏறியது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஓடவிட்டு, சரியான நேரத்தில் குறைத்து, மீண்டும் கூட்டி, அதிர்வெண்ணை 49.70-க்கும் 50.26-க்கும் இடையே பிடித்து நிறுத்தினார்கள். நாடு இருளவில்லை. சுவிட்சில் வைத்த கைகள் பல கோடி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம் திருப்பூருக்கு வருவோம். கோடையில் பகலிலும் மின்தேவை மிக அதிகம்தான். ஆயினும் பகலில் வெயில் துணை நிற்கிறது; கம்பெனிக் கூரைகளின் மேல் சூரியத் தகடுகளைப் பார்க்கிறோமே. மாலையானதும் அந்தத் தகடுகள் யாவும் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் கோடிக்கணக்கான வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கும். வீட்டுக்கு மட்டுமா? இங்கே கம்பெனிகளில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலை மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். அதற்குப் பின் ஒன்பது மணி வரை தொடர்ந்தால் ஒன்றரை ஷிப்ட். "எத்தனை ஷிப்ட் போட்டீங்க?" என்பதுதான் சனிக்கிழமை சம்பளத்தின் கணக்கு. என் அம்மா ஓவர்லாக் மெஷினில் டெய்லர். எங்கள் வீட்டு வாடகை ஒரு ஷிப்டில் அடங்கும். என் பள்ளிச் செலவு அந்த அரை ஷிப்டில் இருக்கிறது. ஆகவே மின்வாரியத்தார் 'உச்ச நேரம்' என்று கூறுவதும், எங்கள் வீட்டார் 'அரை ஷிப்ட்' என்று கூறுவதும் கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரே இடம்.

இந்த நேரத்தில் தேவையைக் குறைக்க அரசு முன்பு ஒரு வழியைக் கையாண்டது. அது கட்டாய வழி. 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை முற்றியது. அந்த ஆண்டு நவம்பர் முதல் உயர் அழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு விதிக்கப்பட்டது. அது போக, மாலை 6 மணி முதல் 10 மணி வரை, விளக்குக்கும் காவலுக்கும் வேண்டிய சிறு அளவைத் தவிர வாரியத்தின் மின்சாரத்தை எடுக்கக் கூடாது. அப்போது நான் பிறக்கவில்லை. அம்மா திண்டுக்கல் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த புதிது. "ஆறு மணிக்கு மெஷின் நின்னா, அரை ஷிப்டும் நின்னு போச்சு" என்பார். டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்த கம்பெனிகள் அதை ஓட்டின. செலவைத் தாங்க முடியாத சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகள் விளக்கை அணைத்துவிட்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. 2012-இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேலான மின்வெட்டு வந்தது. சென்னைக்கு மட்டும் சில மணி நேரம்தான். எனக்கு அப்போது இரண்டு வயது. அம்மாச்சி விடிய விடிய பனை விசிறியால் வீசினாராம். தொழிற்சாலைகளின் மீதான அந்தக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது 2015 ஜூன் மாதத்தில்தான்.

அந்தக் கட்டாயத்தினால் கட்டமைப்பு நின்றது என்பது மெய். ஆனால் அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் யார்? கம்பெனிக்குக் குறைந்தது மின்சாரம். என் அம்மாவுக்குக் குறைந்தது கூலி. மின்தேவையைத் தள்ளிவைப்பது பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இரண்டாவது வழி விலை. உச்ச நேரத்து மின்சாரத்துக்குக் கூடுதல் விலை வைத்தால், தள்ளிவைக்கக் கூடியவர்கள் தாமே தள்ளிவைப்பார்கள் என்பது இதன் கருத்து. தமிழ்நாட்டில் உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு இது நெடுநாளாக உண்டு. காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் 20 விழுக்காடு கூடுதல்; இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் கூடுதலை 25 விழுக்காடாக உயர்த்தியது. உச்ச நேரத்தையும் நாளொன்றுக்கு எட்டு மணியாக நீட்டியது. சிறு தொழில்களின் மீதும் அது வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2023 செப்டம்பர் 25 அன்று சிறு, குறுந்தொழில் முனைவோர் ஒரு நாள் கதவடைப்பு நடத்தினர். பின்னர் அவர்களுக்கு அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தண்டம் 25, தள்ளுபடி 5 என்றால், 'வேண்டுகிறோம்' என்று சொல்வதைவிட 'தண்டிக்கிறோம்' என்று சொல்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

மேலும், எல்லா வேலையையும் தள்ளிவைக்க முடியாது. சாயப்பட்டறையில் துணி சாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும். நிட்டிங் மெஷினை நிறுத்தி ஓட்டினால் துணியில் கோடு விழக் கூடும். சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலைகளையும் நினைத்தபோது நிறுத்த இயலாது. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யலில் ஒரு சொட்டும் விடாமல் நீரைக் காய்ச்சிப் பிரிப்பதற்கே அவை மின்சாரத்தை விழுங்குகின்றன. தைக்கும் வேலையைத் தள்ளலாம். ஆனால் மெஷினை இரவு பத்து மணிக்குத் தள்ளினால், மெஷினோடு அதன் முன்னால் உட்காரும் பெண்ணையும் தள்ள வேண்டுமே! அவள் வீட்டுக்குப் போவது எப்போது? ஜப்பானில் 2011-ஆம் ஆண்டு அணுமின் நிலைய விபத்துக்குப் பின், கோடையில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் யாவும் வியாழன், வெள்ளியை விடுமுறையாக்கி, சனி, ஞாயிறில் வேலை செய்தன. கட்டமைப்புக்கு நல்லதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்று அங்கும் பெற்றோர் தவித்தார்களாம்.

அப்படியானால் தள்ளிவைக்கத் தக்கது எது? யாருடைய கூலியும் போகாமல், யாரும் இருட்டில் உட்காராமல், நேரம் மட்டும் மாறக்கூடிய வேலை எது?

அதற்கு விடையை மின்வாரியமே ஆனைமலையில் கட்டி வைத்திருக்கிறது! ஆழியாறு மலைப் பகுதியில் காடம்பாறை என்னும் இடத்தில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் உள்ளது. தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். 1987-க்கும் 1989-க்கும் இடையில் இயங்கத் தொடங்கியவை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து நீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். உச்ச நேரத்தில் அதே நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாரியமும் ஒரு பெரிய வீட்டுக்கார அம்மாதான். மலையுச்சியில் தொட்டி, கீழே மோட்டார்! ஆனால் அங்கே ஏறத்தாழ நான்கு யூனிட் செலவழித்து நீரேற்றினால் மூன்று யூனிட்தான் திரும்பி வரும். நம் மாடித் தொட்டியில் இந்த இழப்பு இல்லை. மதியம் ஏற்றினாலும் மாலையில் ஏற்றினாலும் தண்ணீர் அதே தண்ணீர். மாலையில் மோட்டார் ஓடாதிருந்தால், அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்ய வேண்டிய தேவையே எழவில்லை.

கணக்குப் போட்டேன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஒன்றரைக்கு 1,119 வாட். ஒரு லட்சம் காம்பவுண்டுகளில் இத்தகைய மோட்டார் மாலை ஏழு மணிக்கு ஒன்றாக ஓடினால் ஏறத்தாழ 112 மெகாவாட். காடம்பாறையின் ஓர் இயந்திரம் முழு மூச்சாக ஓடினாலும் இதற்குப் போதாது! பெருமைப்படுவதற்கு முன் மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம் 112 அதில் இருநூற்றில் ஒரு பங்குதான். ஆயினும் அதிர்வெண்ணின் பாதை எவ்வளவு ஒடுக்கம் என்று முன்பே பார்த்தோமல்லவா?

வீட்டுக்கார அம்மாவிடம் திரும்பச் சென்றேன். காடம்பாறையைச் சொன்னேன், அவர் அசையவில்லை. கட்டமைப்பைச் சொன்னேன், "அது கவருமெண்டு பாத்துக்கும் கண்ணு" என்றார். அவரையும் குறை கூற முடியாது. வீட்டு மீட்டருக்கு நேரம் தெரியாது. நண்பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் அதற்கு ஒன்றே. பகலில் வெயில் உள்ள நேரத்துக்கு விலை குறைத்தும் உச்ச நேரத்துக்கு உயர்த்தியும் வசூலிக்க வேண்டுமென்று 2023 ஜூனில் ஒன்றிய அரசு விதி வகுத்திருக்கிறது. ஆனால் நேரம் அறிந்த ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

கடைசியாக ஒன்று நினைவுக்கு வந்தது. "போன வருஷம் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுல்லங்க?" என்றேன். மாலையில் மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் அதே பாரத்தை இழுக்க அதிக மின்னோட்டத்தை எடுக்கும், சூடேறும், காயில் கருகும். நண்பகலில் மின்னழுத்தம் நன்றாக இருப்பதால் தொட்டியும் விரைவில் நிறையும். காயில் கட்டிய செலவு அவருக்கு மறக்கவில்லை. "செரி, ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

முதல் நாளே தொட்டி நிரம்பி வழிந்து, மாடியிலிருந்து முற்றத்துக்கு அருவி கொட்டியது. நண்பகலில் நான் பள்ளியில், பெரியவர்கள் கம்பெனியில். மறுநாளிலிருந்து என் அம்மாச்சி பொறுப்பேற்றார். வழியும் குழாயின் கீழே ஒரு தகரத்தைக் கவிழ்த்து வைத்தார். முதல் துளி 'டங்' என்று விழுந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவார். தானியங்கிக் கருவி!

இரண்டாவது தொல்லை பெரியது. பன்னிரண்டு மணிக்கு நிரம்பிய தொட்டி, ஆறு மணிக்கு வீடு திரும்பியவர்கள் துவைத்துக் குளித்ததில் எட்டு மணிக்கே காலி. ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு மேல் வந்தவர்களுக்கு முகம் கழுவவும் தண்ணீர் இல்லை. அவர்களில் என் அம்மாவும் ஒருவர். "உன் கட்டமைப்புக்கு நல்லது செய்யறதுக்கு நான்தான் கெடைச்சேனா?" என்று அம்மா கேட்டார். 2008-இல் நடந்ததை ஒரு சிறு தொட்டிக்குள் நானே செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன். எல்லாரையும் கேட்காமல் ஒருத்தியாக முடிவு செய்ததன் பலன் அது.

ஞாயிறன்று எட்டு வீட்டாரும் மாடியில் கூடினோம். துவைப்பதை ஞாயிறுக்கும் காலைக்கும் வைத்துக்கொள்வது என்று சிலர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வீட்டார் முடியாது என்றார்கள், அவர்களுக்குக் கைக்குழந்தை. நண்பகலில் ஒரு முறை நிரப்புவது, இரவு பத்து மணிக்கு மேல் இருபது நிமிடம் மீண்டும் போடுவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கார அம்மா பத்து மணிக்குச் சீரியல் முடிந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். அது வரைக்கும் கீழ்த்தளத்து டிரம் ஒன்றில் நூறு லிட்டர் தனியே இருக்கும். அதை ஒன்பது மணிக்கு முன் யாரும் தொடுவதில்லை. என் சீருடைகளை நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு அயர்ன் செய்வதை விட்டு, ஞாயிறு நண்பகலில் ஐந்தையும் ஒன்றாகத் தேய்த்துவிடுகிறேன். (அதிகாலையில் தேய்க்கலாம் என்று தொடங்கினேன். அதுவும் உச்ச நேரம் என்று பிறகுதான் தெரிந்தது!)

மூன்று மாதமாகிறது. கரண்டு பில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மோட்டார் இப்போது உறுமுவதில்லை. போன வாரம் பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் வந்து, "நண்பகல்ல எதுக்குங்க மோட்டார் ஓடுது?" என்று விசாரித்தார். வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டு, அவரிடம் திரும்பி, "ஆனமலையில கவருமெண்டே அப்பிடித்தானுங்க போடறாங்களாமா" என்றார்.